நாலு ஏல அரிசித் தங்கம்

டீ டம்ளர் இருந்த தட்டிலேயே அந்தக் கம்மல் ஜோடியையும் வைத்துவிட்டு, "ஏமாந்துட்டேன் அத்தே" என்றாள் என் அண்ணன் மகள். போடியில் ஓர் ஏலக்காய் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். போன தீபாவளி போனஸில், செல்போனில் பார்த்து வாங்கிய கம்மல். வெள்ளியில் செய்து, தங்க முலாம் பூசி, நடுவில் ஊதாக் கல் பதித்தது. வந்த அன்று நானும் பார்த்தேன். துலக்கி வைத்த காமாட்சி விளக்கு மாதிரி மின்னியது. இப்போது மேடான இடமெல்லாம் வெளுத்து, திருகாணிப் பக்கம் கறுத்துக் கிடக்கிறது. கல் மட்டும் அன்றைக்கு இருந்தபடியே இருக்கிறது.

"கல்லாவது நெசக் கல்லா, அதுவும் கண்ணாடியா?"

முப்பது வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவளிடம் இப்படிக் கேட்டால் ஒரு டீயோடு முடியாது. வெளியே குரங்கணிப் பக்கத்து மலை சாரலில் மறைந்துவிட்டது. கரண்டும் இல்லை. அடுப்பில் இன்னொரு பால் வைத்தேன்.

"மொதல்ல இதச் சொல்லு. தொடைக்க என்ன போட்டே?"

"நான் எங்க தொடைச்சேன்? அம்மாதான்."

கேட்கக் கேட்க விஷயம் வெளியே வந்தது. அண்ணிக்குத் திருட்டுப் பயம். பீரோவில் வைத்தால் திருடன் முதலில் அங்கேதான் கை வைப்பான் என்று, அடுக்களை அலமாரியில் காலிப் பெருங்காய டப்பாவுக்குள் போட்டு வைத்திருக்கிறாள். இரண்டு மாதம் கழித்து எடுத்தால் கறுப்பு. வெள்ளிச் சாமான் கறுத்தால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? விபூதியைத் தொட்டு, ஈரத்துணியில் வைத்து நன்றாகத் தேய்ப்போம். அதையேதான் அண்ணியும் செய்திருக்கிறாள். கறுப்பு போயிற்று, கூடவே தங்கமும் போயிற்று.

விற்றவனை இரண்டு வாரமாகத் திட்டிக்கொண்டிருந்தவளுக்கு இதைக் கேட்டதும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அம்மாவைத் திட்டவும் வாய் வரவில்லை. நான் ஏலக்காய் டப்பாவைத் திறந்து நல்ல எட்டு மில்லிமீட்டர் காய் ஒன்றை எடுத்தேன். (போடிக்காரர்கள் எல்லோரும் ஏலக்காய் டீதான் குடிப்பார்கள் என்று வெளியூரில் நினைப்பு. காய் விற்கிற விலைக்கு இங்கே முக்கால்வாசி வீட்டில் இஞ்சி டீதான்.) காயை நகத்தால் பிளந்து உள்ளே இருந்த ஏல அரிசியில் நாலை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தேன்.

"உன் கம்மல்ல இருந்த தங்கம் இவ்வளவுதான். அதுவும் விற்றவன் யோக்கியமா இருந்தா."

அவள் நம்பவில்லை. கணக்கு எழுதுகிறவளுக்குக் கணக்காகவே சொன்னேன். இந்த ஜோடியின் முன்பக்கம், பின்பக்கம், ஓரம் எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் எட்டுச் சதுர சென்டிமீட்டர் வரும் என்று வைத்துக்கொள். வெள்ளியின் மேல் நல்ல கனத்தில் தங்கம் ஏற்றிய நகைக்கு மேல்நாட்டில் 'வெர்மெய்' என்று பெயர். அந்தப் பெயரில் விற்க வேண்டுமானால் தங்கம் 2.5 மைக்ரானாவது இருக்க வேண்டும் என்பது அமெரிக்க வணிக ஆணையத்தின் வரையறை. ஒரு மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி எழுபது மைக்ரான் பக்கம் இருக்கும். எட்டுச் சதுர சென்டிமீட்டர் மேல் 2.5 மைக்ரான் தங்கத்தைப் பரப்பினால் எடை சுமார் 39 மில்லிகிராம். ஒரு குண்டுமணி 120 மில்லிகிராம் பக்கம் வரும். 'குண்டுமணித் தங்கம்கூட இல்லை' என்று ஏழ்மையைச் சொல்வோமே, அதிலும் இது மூன்றில் ஒரு பங்கு. ஏல அரிசி ஒன்று ஒன்பது பத்து மில்லிகிராம் தேறும். அதனால்தான் நாலு அரிசி.

பேருக்குத் தொட்டு எடுக்கும் முலாமும் உண்டு. கால் மைக்ரான்கூட இருக்காது. பத்தில் ஒரு மைக்ரான் என்றால் ஒன்றரை மில்லிகிராம்தான். ஒரே ஒரு அரிசியை ஆறாக வெட்டி அதில் ஒரு துண்டை வைக்க வேண்டியிருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒரே மஞ்சள். பெட்டியின் மேல் '22 காரட் தங்க முலாம்' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது பூசிய தங்கத்தின் மாற்றைச் சொல்கிறது, எவ்வளவு பூசினார்கள் என்பதைச் சொல்லவில்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எத்தனை மைக்ரான்? பதில் சொல்லத் தெரியாத கடையில் மற்ற எதையும் கேட்டுப் பிரயோஜனமில்லை.

முலாம் பூசுவது நேற்று வந்த வேலை இல்லை. முன்பு தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து வெள்ளிமேல் தடவி நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிப் போகும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். போன ஆவி ஆசாரியின் நெஞ்சுக்குள் போகும். 1800இல் வோல்டா மின்கலத்தைக் கண்டுபிடித்தார்; ஐந்தே வருஷத்தில் அவருடைய நண்பர் புருக்னடெல்லி அதை வைத்து வெள்ளிப் பதக்கத்தில் தங்கம் ஏற்றிக் காட்டினார். 1840இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் எல்கிங்டன் குடும்பத்தார் காப்புரிமை வாங்கி அதைப் பெரிய தொழிலாக்கினார்கள். இன்றைக்குப் பட்டறைகளில் நடப்பதும் அதேதான்: தங்க உப்புக் கரைசல், அதில் தொங்கும் வெள்ளிக் கம்மல், மெல்லிய மின்சாரம். எவ்வளவு நேரம் தொங்குகிறதோ அவ்வளவு கனம். நேரம்தான் காசு என்பதால் சீக்கிரம் எடுத்துவிடுகிறவர்கள் அதிகம்.

"அப்ப இது கவரிங்தானே அத்தே? சிதம்பரம் கவரிங் மாதிரி?"

வேலை ஒன்றுதான், அடியில் இருக்கும் உலோகம் வேறு என்றேன். கவரிங்கில் பெரும்பாலும் செம்பு அல்லது பித்தளை. மேலே இருப்பது தேய்ந்ததும் பச்சை பூக்கும், காதில் புண் வரும். முலாம் பிடிக்க அடியில் நிக்கல் பூசியிருந்தால் சிலருக்கு ஒரே நாளில் அரிப்பு எடுக்கும். உன்னுடையது 925 வெள்ளி. ஆயிரம் பங்கில் 925 வெள்ளி, மிச்சம் செம்பு. தனி வெள்ளி மெத்தென்று வளையும் என்பதால் செம்பு சேர்க்கிறார்கள். தங்கம் போனாலும் கீழே இருப்பது ஒரு நகையாகவே நிற்கும். இதே போடியில் பழைய முத்திரைக் காசுகளின் குவியல் ஒன்று கிடைத்திருக்கிறது. வெள்ளிக் காசு, பின்பக்கம் மீன் சின்னம், பாண்டியருடையது என்கிறார்கள் நாணய ஆய்வாளர்கள். அத்தனை காலம் மண்ணுக்குள் கிடந்தும் அது வெள்ளியாகவேதான் வெளியே வந்தது.

அப்புறம் ஏன் இது இரண்டு மாதத்தில் கறுத்தது? வெள்ளிக்கு ஆகாதது கந்தகம். காற்றில் துளி கந்தக வாயு இருந்தால் போதும், வெள்ளி அதோடு சேர்ந்து கறுப்பு சல்பைடு ஆகிவிடும். கொலுசு கறுத்தால் 'உடம்புச் சூடு' என்பார் பாட்டி. சூடு ஒன்றுமில்லை, வியர்வையும் காற்றில் இருக்கும் கந்தகமும்தான். பெருங்காயத்தின் அந்த வாசனையே கந்தகச் சேர்மங்களின் வாசனை. டப்பாவைக் கழுவினாலும் போகாது. 'காலிப் பெருங்காய டப்பா' என்று மனுஷரைச் சொல்வதே அதை வைத்துத்தானே. அண்ணி பார்த்துப் பார்த்து ஒளித்து வைத்த இடம், இந்த வீட்டிலேயே வெள்ளிக்கு மிக மோசமான இடம்.

"மேலதான் தங்கம் இருக்கே? தங்கம் கறுக்காதுல்ல?"

நல்ல கேள்வி. தங்கம் கறுக்காது. ஆனால் இவ்வளவு மெல்லிய பூச்சு சல்லடைத் துணி மாதிரி. கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். வாயு உள்ளே போகும், உள்ளே உண்டான கறுப்பு துளை வழியாக மேலே ஊறி வரும். அந்த நிலையில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் துளி சோப்பு விட்டு, பஞ்சுத் துணியால் ஒற்றி எடுத்திருந்தால் ஓரளவு போயிருக்கும். பழைய பத்தர்கள் பூந்திக்கொட்டை நுரையில் போட்டு எடுப்பார்கள், அதுவும் சரி. விபூதி கூடாது. பல்பொடி கூடாது. பசுஞ்சாணத்தைச் சுட்டு எடுத்த விபூதியில் சிலிக்கா இருக்கிறது. மாடு தின்ற புல்லில் இருந்து வந்தது. அது தங்கத்தைவிடப் பல மடங்கு கடினம். குத்துவிளக்குக்குச் சரி, அது உள்ளும் புறமும் ஒரே உலோகம். நாலு ஏல அரிசி அளவுத் தங்கம் அதன்முன் எத்தனை தேய்ப்புக்குத் தாங்கும்?

பால் பொங்கிவிட்டது. எழுந்து போய் இறக்கிவிட்டு வந்தேன். அவள் கம்மலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 

"சின்னப் புள்ளைல வெங்கச்சங்கல் உரசி வெளையாண்டிருக்கியா?"

முகம் மலர்ந்தது. ஆற்றோரத்திலும் கரட்டிலும் கிடக்கும் வெள்ளைக் கல். இரண்டை எடுத்துக்கொண்டு இருட்டு அறைக்குள் போய் வேகமாக உரசினால் கல்லுக்குள்ளேயே மஞ்சளாக ஒரு வெளிச்சம் வரும், கருகிய வாசனை அடிக்கும். நாங்கள் கூரை வீட்டு மூலையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உரசுவோம், போர்வை பற்றிக்கொள்ளும் என்று அம்மா அடிப்பாள். போர்வை பற்றியதே இல்லை.

அந்த வெங்கச்சங்கல்தான் இது. சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த குவார்ட்ஸ். தெளிவாகக் கண்ணாடிபோல் இருந்தால் ஸ்படிகம். ஊதாவாக இருந்தால் செவ்வந்திக்கல். புகைபோல் பழுப்பாகவும், ரோஸ் நிறத்திலும், மஞ்சளாகவும் வரும். அந்தப் பக்கம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் குடைவதற்குத் திட்டம் போட்டு, பெரிய எதிர்ப்பு வந்ததே, அந்த மலைப்பாறையின் பெயர் சார்னோகைட். அதிலும் குவார்ட்ஸ் ஒரு முக்கியக் கூறு. மலை முழுக்க இருக்கிறது, நகைக்கு ஆகாது. பொடிப் பொடியாகப் பாறைக்குள் பூட்டிக் கிடக்கிறது. திறந்த வெளியில் நிதானமாக வளர இடம் கிடைத்த குவார்ட்ஸ்தான் ஆறு பட்டையோடு படிகமாகும்.

இதில் ஊதா எப்படி வந்தது? படிகம் வளரும்போது கொஞ்சம் இரும்பு உள்ளே மாட்டிக்கொண்டது. சுற்றியிருந்த பாறையில் இருந்து மெல்லிய கதிர்வீச்சு லட்சக்கணக்கான வருஷம் பட்டு அந்த இரும்பின் நிலையை மாற்றியது. நிறம் அவ்வளவு நுட்பமானது என்பதால் சூட்டில் மாறிவிடும். நானூறு ஐந்நூறு டிகிரி காட்டினால் ஊதா போய் மஞ்சள் வந்துவிடும். 'சிட்ரின்' என்று கடையில் மஞ்சளாக விற்பதில் பெரும்பகுதி இப்படிச் சுட்ட செவ்வந்திக்கல்தான். தப்பு ஒன்றும் இல்லை, சொல்லி விற்றால் சரி. உனக்கு இதில் ஒரு காரியம் இருக்கிறது: திருகாணித் தண்டு விட்டுப்போய்ப் பத்தரிடம் பற்ற வைக்கக் கொடுத்தால், ஊதுவதற்கு முன் கல்லைக் கழற்றச் சொல். வெள்ளிப்பொடி உருகும் சூட்டில் ஊதா நிற்காது. வெயில் விழும் ஜன்னலிலும் மாதக்கணக்கில் போட்டு வைக்காதே.

"சாயம் ஏத்திருந்தா?"

உன் கம்பெனியில் பச்சைச் சாயம் ஏற்றிய ஏலக்காய் வந்தால் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்டேன். "ஒரே மாதிரி பச்சையா இருக்கும். காம்புப் பக்கம் கூடுதலா தேங்கி நிக்கும். ஈரத் துணில தேச்சா ஒட்டும்" என்றாள். கல்லுக்கும் அப்படியேதான். சாயம் கீறல்களில் தேங்கும். நெயில்பாலிஷ் அழிக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்துத் தொட்டால் சில சாயம் கசியும். இயற்கையான செவ்வந்திக்கல்லில் நிறம் ஒரே சீராக இருக்காது, பட்டை பட்டையாகக் கூடிக் குறையும். இந்த வித்தையில் நம்மவர்களுக்குப் பழைய பெயர் உண்டு. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது செத்துப்போன ரோமானியர் பிளினி, இந்தியர்கள் ஸ்படிகத்துக்கு நிறம் ஏற்றி மற்ற ரத்தினங்களைப் போல, அதிலும் பச்சைக்கல் வகையைப் போலச் செய்கிறார்கள் என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதே பிளினி ஸ்படிகம் என்பது இறுகிப்போன பனிக்கட்டி என்றும் நம்பியவர். ஒன்றில் நம்மைப் பிடித்தார், ஒன்றில் ஏமாந்தார்.

அவர் காலத்தில் இந்தக் கல்வேலை நடந்த ஊர் நம்மிடம் இருக்கிறது. ஈரோடு மாவட்டத்தில் சென்னிமலைக்குப் பக்கம், நொய்யல் கரையில் கொடுமணல். பதிற்றுப்பத்தில் 'கொடுமணம்' என்று வரும் ஊர். 1985இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டத் தொடங்கியது. பேராசிரியர் கா. ராஜன் பல கட்டமாக அகழ்ந்தார். ஸ்படிகம், செவ்வந்திக்கல், பச்சைக்கல், நீலக்கல், சூதுபவளம் என்று மணிகள் கிடைத்தன. முடிந்த மணி மட்டும் கிடைத்திருந்தால் யாரோ கொண்டுவந்து விற்றது என்று சொல்லிவிடலாம். அங்கே உடைத்த துண்டும், பாதி தேய்த்ததும், துளை போடும்போது விரிசல் விட்டதும் சேர்ந்து கிடந்தன. பட்டறை அங்கேயே இருந்தது என்பதற்கு அந்தக் கழிவுதான் சாட்சி. இன்றும் காங்கயம், கரூர்ப் பக்கத்து நிலங்களில் இந்த வகைக் கற்கள் கிடைக்கின்றன. ஆனால் உன் கம்மல் கல் அங்கிருந்து வந்திருக்கும் என்று நினைக்காதே. இப்போது சந்தையில் ஓடும் செவ்வந்திக்கல் பெரும்பாலும் பிரேசில், உருகுவே, ஜாம்பியா. பட்டை தீட்டுவதில் பெரும்பங்கு ஜெய்ப்பூர்.

கண்ணாடியா கல்லா என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். இரண்டையும் உதட்டில் வைத்துப் பார். குவார்ட்ஸ் கூடுதல் குளிர்ச்சியாக இருக்கும், சீக்கிரம் சூடேறாது. அது உடம்புச் சூட்டைக் கண்ணாடியைவிட வேகமாக இழுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஸ்படிக மாலை குளிர்ச்சி என்று சொல்வது இந்த மட்டும் உண்மை; அதற்கு மேல் ஜோசியக்காரர் சொல்வதற்கு நான் பொறுப்பில்லை. பூதக்கண்ணாடியில் உருண்டைக் குமிழி தெரிந்தால் அது கண்ணாடி. இன்னொன்று கடினம். குவார்ட்ஸ் மோஸ் அளவில் ஏழு, கண்ணாடி ஐந்தரைப் பக்கம். தெருத் தூசியிலேயே குவார்ட்ஸ் துகள் இருப்பதால், துடைக்கத் துடைக்கக் கண்ணாடிக்கல் மங்கும், முனை மழுங்கும். குவார்ட்ஸ் அப்படியே இருக்கும். தஞ்சாவூருக்குப் பக்கத்து வல்லத்தில் கிடைத்த ஸ்படிகத்தைத் தேய்த்து மூக்குக்கண்ணாடிக்கு வில்லை செய்தார்கள். எத்தனை துடைத்தாலும் கீறல் விழாது. எங்கள் தாத்தா வைத்திருந்த ஒரு ஜோடியைக் கையில் எடுத்தால் மற்றதைவிடக் கனமாக, சில்லென்று இருக்கும்.

கம்மலை உதட்டில் வைத்தாள். அப்புறம் என் சோடாப்புட்டிக் கண்ணாடியைக் கழற்றி அதையும் உதட்டில் வைத்தாள். "வித்தியாசம் தெரியுது" என்றாள். என் கண்ணாடி பிளாஸ்டிக் என்பதை நான் சொல்லவில்லை. அலமாரியில் இருந்து ஊறுகாய் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன்.

விபூதி பட்டும் இந்தக் கல்லில் ஒரு கீறல் இல்லாததே பெரிய சாட்சி. பூதக்கண்ணாடியில் குமிழியும் இல்லை. ஊதா ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் வெளுத்திருந்தது. குவார்ட்ஸ்தான் என்று சொன்னேன். ஆனால் மண்ணில் விளைந்ததா, ஆலையில் வளர்த்ததா என்பதை என்னாலும் சொல்ல முடியாது. அதே இரும்பு, அதே கதிர்வீச்சு கொடுத்து அழுத்தக் கலத்தில் வாரக்கணக்கில் வளர்க்கிறார்கள். ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும். சிலம்புக்குள் முத்தா மாணிக்கமா என்று கண்ணகி உடைத்துக் காட்டினாளே, அவளுக்கு அது லேசாக முடிந்தது. நம் மாவட்டத்துக் கோடியில் கூடலூர் மலைமேல் சித்ரா பௌர்ணமிக்கு ஏறிப் போய் அவளைக் கும்பிடும் நாம், உடைத்தாலும் தெரியாத காலத்தில் இருக்கிறோம்.

கல்லைக் கட்டிய விதத்தையும் பார்த்தேன். பின்பக்கம் திறந்து, வெளிச்சம் ஊடுருவும்படி நகம் வைத்துப் பிடித்திருந்தார்கள். அது நல்ல அடையாளம். பின்பக்கம் மூடியிருந்தால் கல்லுக்கு அடியில் வர்ணத் தகடு வைத்து மினுக்கியிருக்க வாய்ப்புண்டு. மூடியதெல்லாம் மோசம் என்றும் இல்லை. நாகர்கோவில் வடசேரியில் வெள்ளியில் செய்து, கெம்புக் கல் பதித்து, தங்கத் தகடு ஒட்டிச் செய்யும் கோயில் நகை மூடிய கட்டுத்தான். அது புவிசார் குறியீடு வாங்கிய வேலை. அங்கே தங்கம் பூச்சாக ஏறுவதில்லை, தகடாக அழுந்துகிறது. அதனால்தான் நாட்டியக்காரர்கள் வருஷக்கணக்கில் வியர்வையோடு போட்டும் நிற்கிறது.

"இத அடகு வச்சா என்ன தருவாங்க?" என்று கேட்டாள். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. இந்த ஊரில் கம்மல் என்றால் முதலில் அந்தக் கேள்விதான் வரும். விடிவதற்கு முன் ஜீப்பில் போடிமெட்டு ஏறிக் காய் பறிக்கப் போகும் பெண்களுக்கு, ஜூன் மாதம் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு இறங்குவது காதில் இருக்கும் தோடுதான். தண்டட்டி போட்ட எங்கள் அப்பத்தாவுக்கும் தெரியும், உள்ளே அரக்கு, மேலேதான் தங்கத் தகடு என்று. அடகுக்கடைக்காரர் அரக்குக்குக் கழித்துத்தான் எடை போடுவார், அப்பத்தாவும் மனசுக்குள் கழித்தே வைத்திருப்பாள்.

இதற்கு ஒன்றும் தரமாட்டார்கள் என்றேன். நாலு அரிசித் தங்கத்தை யாரும் எடை போடமாட்டார்கள், கல்லுக்கு அடகில் மதிப்பில்லை, வெள்ளியைப் பழைய வெள்ளி விலைக்கு எடுத்தால் உண்டு. இதைத் தங்கக் கணக்கில் எழுதினால் நஷ்டம்தான். சேலைக் கணக்கில் எழுது. தீபாவளிச் சேலையை இரண்டு வருஷம் கழித்து யாராவது அடகு வைப்பார்களா? அதற்காகச் சேலை எடுக்காமல் இருக்கிறோமா? ஆனால் சேலைக் காசு கொடுக்க வேண்டியதற்குத் தங்கக் காசு கொடுத்துவிடக் கூடாது. அங்கேதான் ஏமாறுவது.

"எவ்வளவு கொடுத்தே?"

சொன்னாள். நல்ல சேலை ஒன்றின் விலைதான். நான் பேசாமல் இருந்தேன்.

"திரும்ப முலாம் பூசலாமா?"

பூசலாம். முத்தோ பவளமோ இருந்தால் கழற்ற வேண்டும். குவார்ட்ஸ் அந்தக் கரைசலுக்கு அசையாது. மதுரையில் கொடுத்தால் போட்டுத் தருவார்கள், மைக்ரான் கேட்டுப் போடு என்றேன்.

கம்மலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தங்கம் போன மேட்டில் வெள்ளை வெளேரென்று வெள்ளி. பக்கத்தில் ஊதா. கண்ணாடி முன்னால் போய் ஒன்றைக் காதில் மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்து தட்டில் இருந்த நாலு ஏல அரிசியையும் வாயில் போட்டுக்கொண்டு, மென்றபடியே சாமி அலமாரிப் பக்கம் கை நீட்டினாள்.

"அந்த விபூதிக் கிண்ணத்த எடுங்கத்தே. மிச்சத்தையும் நானே தேச்சுடறேன்."